மாட்டுக்கும் நர்ஸ் வேண்டும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பால் சங்கம் எதிலாவது காலையில் நின்று, கால்நடைகளுக்கும் பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். "டாக்டரே நெனச்ச நேரத்துக்குக் கெடைக்கல்ல, இதில நர்ஸ் வேறயா?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. விடியும் முன்பே எழுந்து சாணம் வாரி, பால் கறந்து, சுமந்து வருகிறவர்கள் அவர்கள். ஆனால் இதே கருத்து அலுவலக மேசைகளிலும் கால்நடை மருத்துவர்கள் கூடும் இடங்களிலும் இன்னும் கெட்டியான சொற்களில் உலவுகிறது. அதை அப்படியே விட்டுவிட முடியாது.

அந்தக் கருத்தை அதன் முழு பலத்தோடு இங்கே வைத்துவிடுகிறேன். உயிரைக் காப்பாற்றுவது டாக்டரும் மருந்தும்தான், மற்றதெல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியது. கால்நடை நர்ஸ் என்பது வெளிநாட்டிலும் பெருநகரத்திலும் நாய் வளர்ப்பவர்களுக்கான சொகுசு, இரண்டு பசுவும் நாலு ஆடும் வைத்திருக்கிற கிராமத்துக்கு ஒட்டாது. அரைகுறைப் படிப்போடு ஓர் ஆளை உள்ளே விட்டால், ஏற்கெனவே மலிந்து கிடக்கிற போலி டாக்டர்கள் இன்னும் பெருகுவார்கள். இந்த மூன்றுமே தவறு. ஒவ்வொன்றாக மறுக்கிறேன்.

முதல் வாதத்தை ஒரு தொழுவத்துக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம். நன்றாகக் கறக்கும் கலப்பினப் பசு கன்று ஈன்ற மறுநாள் இரவு படுத்தது, எழவில்லை. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மூக்கு வறண்டிருக்கிறது. கழுத்து வளைந்து தலை விலாப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சாணம் போடவில்லை. பால் காய்ச்சல். சீம்பாலுக்குள் கால்சியம் மளமளவென்று இறங்கிவிட, ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு தாழ்ந்து, தசைகள் இயங்க மறுக்கின்றன. டாக்டருக்குப் போன் போகிறது. அவர் வேறொரு பஞ்சாயத்தில் கன்று குறுக்காக நிற்கும் பசுவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது? சும்மா இருக்க மனம் கேட்காது. சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைக்கிறார்கள். ஒருவர் நாக்கை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் மூங்கில் குழலால் வாய்க்குள் ஊற்றுகிறார். பால் காய்ச்சலில் விழுங்கும் தசையும் தளர்ந்துபோயிருக்கும். ஊற்றியதில் பாதி நுரையீரலுக்குள் போகிறது. பிறகு டாக்டர் வந்து, கால்சியம் ஏற்றி, பசு எழுந்து நின்றாலும், நாலைந்து நாளில் அது மூச்சிரைத்துச் சாகும். "ஊசி ஏறல்ல, அதான் போச்சு" என்று வீட்டில் சொல்வார்கள். டாக்டரின் பேர் கெடும். அன்புதான் அந்தப் பசுவைக் கொன்றது என்று யாருக்கும் தெரியாது.

இப்போது டாக்டர் வந்துவிட்டார் என்று வையுங்கள். 450 மில்லி கால்சியம் பாட்டில் கழுத்து நரம்பில் ஏற வேண்டும். அதை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, பத்து இருபது நிமிடம் எடுத்து, மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். வேகமாகப் போனால் இதயம் தடுமாறி நின்றுவிடும். ஒரு கை பாட்டிலைப் பிடிக்க, ஒரு காது நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், துடிப்பு தப்பினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பெரும்பாலான தொழுவங்களில் ஊசியைப் பிடிப்பதும் பாட்டிலைத் தூக்குவதும் டார்ச் அடிப்பதும் பசுவை அடக்குவதும் டாக்டரும் வீட்டுக்காரரும்தான். நெஞ்சைக் கேட்க ஆள் கிடையாது.

சிகிச்சை முடிந்து டாக்டர் கிளம்பிவிட்டார். பால் காய்ச்சலில் எழுந்த பசுக்களில் நாலில் ஒன்று வரை ஓரிரு நாளில் மறுபடி விழும். எழ முடியாமல் கிடக்கிற பசு சிமெண்டுத் தரையில் ஒரே பக்கமாகக் கிடந்தால், அதன் உடல் எடையே அடிப்பக்கத் தொடைத் தசையை நசுக்கிச் சாகடிக்கும். அதன்பின் கால்சியம் சரியானாலும் பசு எழாது. வைக்கோலைத் தடிமனாகப் பரப்ப வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் புரட்ட வேண்டும், பக்கவாட்டில் சாய்ந்து வயிறு உப்பாமல் நெஞ்சுமேல் அமர்ந்திருக்கும்படி முட்டுக் கொடுக்க வேண்டும், முதல் ஓரிரு நாள் மடியை ஒட்டக் கறக்காமல் இருக்க வேண்டும். டாக்டர் அங்கே நின்றது அரை மணி. பசுவின் உயிர் ஊசலாடியது இரண்டு நாள். அந்த இரண்டு நாளுக்கு நம்மிடம் யாரும் இல்லை. டாக்டர்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கினாலும் யாரும் இருக்கப்போவதில்லை, ஏனென்றால் எந்த டாக்டரும் தொழுவத்தில் இரண்டு நாள் உட்கார மாட்டார், உட்காரவும் முடியாது.

"நாட்டு மாடு வைத்திருந்த காலத்தில் எந்த நர்ஸ் வந்தாள்?" என்று இந்த இடத்தில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மாடு கறந்தது கொஞ்சம். அதற்கு இந்த வெயிலும் மழையும் உண்ணியும் பழக்கம். 1963-ல் மாட்டுப்பட்டியில் தொடங்கிய இந்தோ-சுவிஸ் திட்டம் இங்குள்ள பசுக்களைப் பிரவுன் சுவிஸ் காளைகளோடு கலந்து சுனந்தினி என்ற கலப்பினத்தை உருவாக்கியது. இன்று கேரளத்து மாடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கலப்பினம். ஏராளமான குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அதிகம் கறக்கிற உடம்பு அதிகம் தளர்கிற உடம்பும்கூட. பால் காய்ச்சல், மடிநோய், நஞ்சுக்கொடி தங்குவது, வெப்பத்தில் தவிப்பது எல்லாம் அந்தக் கறவையோடு சேர்ந்தே வருபவை. அரசு மாட்டை மாற்றியது, அந்த மாட்டைப் பேணும் ஏற்பாட்டைப் பழையபடியே விட்டது. விந்து ஊசி வீட்டு வாசலுக்கு வந்தது, ஈன்ற பசுவுக்குக் காவல் இருக்கத் தெரிந்த ஆள் வரவில்லை.

இந்த மண்ணுக்கே உரிய இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். மரச்சீனி, அதாவது மரவள்ளி, பிடுங்கிய பிறகு தழையை ஓரமாகப் போட்டிருப்பார்கள். கட்டவிழ்ந்த ஆடு ஓடிப்போய் வயிறுமுட்டத் தின்னும். மரச்சீனி இலையிலும் ரப்பர் இலையிலும் சயனைடாக மாறும் பொருள் இருக்கிறது. சிறிது நேரத்தில் ஆடு தள்ளாடும், மூச்சு வாங்கும், விழுந்து உதறும். ஈறும் கண்ணின் உள்தோலும் செக்கச் சிவப்பாக இருக்கும். மாற்று மருந்து உண்டு: சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும். டாக்டர் நரம்பில் ஏற்ற வேண்டும், நேரத்தோடு ஏற்ற வேண்டும். "ஆடு விழுந்து கெடக்கு சாரே" என்று போனில் சொன்னால் டாக்டருக்கு எதுவும் புரியாது. "மரச்சீனித் தழை தின்றது, அரை மணி ஆகிறது, ஈறு சிவந்திருக்கிறது" என்று சொன்னால் அவர் வண்டியில் ஏறும்போதே மருந்தை எடுத்து வைப்பார். பார்க்கத் தெரிந்த ஒருவர் பேசும் இந்த ஒற்றை வரி ஓர் ஆட்டைக் காக்கும். இதற்கு ஐந்தரை ஆண்டுப் பட்டம் தேவையில்லை, பயிற்சி தேவை.

நாய் வளர்ப்பவர்களின் சொகுசு என்ற இரண்டாவது வாதத்துக்கு வருகிறேன். இந்த எல்லைக் கிராமங்களில் நாய் இல்லாத வீடு குறைவு. வளைகுடாப் பணம் வந்த வீடுகளில் பக்கும் லாப்ரடாரும் உண்டு, அறுவைக்கு அவற்றைக் கொண்டுபோகவும் செய்கிறார்கள். கருப்பை எடுத்த நாய் மயக்கம் முழுக்கத் தெளியாமல், ஆட்டோவின் பின்சீட்டில் சாக்கில் சுற்றி, நாக்கு தொங்க வீட்டுக்குப் போவதை யாரும் விபரீதமாக நினைப்பதில்லை. ஆபரேஷன் முடிந்தது, ஆபத்து முடிந்தது என்பதே எண்ணம்.

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 117 கால்நடை மருத்துவமனைகளில் மயக்க மருந்து பெற்ற விலங்குகளைத் தொடர்ந்து கவனித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மயக்கத்தால் நேர்ந்த சாவு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம். அந்தச் சாவுகள் எப்போது நேர்ந்தன என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நாய்களில் 47 சதவீதமும் பூனைகளில் 61 சதவீதமும் கத்தியை வைத்த பிறகு, மயக்கம் தெளியும் நேரத்தில் நேர்ந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். அந்த மூன்று மணி நேரத்தில் டாக்டர் அடுத்த மேசைக்குப் போயிருப்பார். நாக்கின் நிறம், மூச்சின் எண்ணிக்கை, உடல் சூடு, தொண்டையில் வாந்தி அடைப்பு ஆகியவற்றை நிமிடத்துக்கு நிமிடம் பார்க்க வேண்டியவர் நர்ஸ். எல்லா வசதியும் உள்ள நாட்டிலேயே சாவு அந்த நேரத்தில்தான் காத்திருக்கிறது என்றால், அந்த நேரத்தை ஆட்டோவில் கழிக்கிற நம் நாய்களின் கதி என்ன? சொகுசு என்று நாம் பெயர் வைத்திருப்பது சிகிச்சையின் இரண்டாம் பாதியை.

மருந்தின் அளவிலும் இதே கதைதான். கால்நடைகளை அடக்கப் பயன்படும் சைலசின் என்ற மருந்தில், குதிரைக்குக் கொடுப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். அந்த மருந்து வெவ்வேறு வீரியத்தில் பாட்டில்களில் வருகிறது. எடையைச் சத்தமாகச் சொல்லி, பாட்டிலைச் சத்தமாகப் படித்து, இரண்டு பேர் ஒப்புக்கொண்ட பிறகு ஊசி ஏறினால் தவறு பாதி வழியிலேயே நின்றுவிடும். மனித மருத்துவத்தில் இதே முறையை உலக சுகாதார நிறுவனம் அறுவைக்காக 19 அம்சங்கள் கொண்ட பட்டியலாக்கி, டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தது. அறுவைக்குப் பிந்தைய சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாக இறங்கியது என்று 2009-ல் வெளியான முடிவு சொன்னது. புது மருந்து எதுவும் அங்கே வரவில்லை. ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொன்னார், அவ்வளவுதான். கேட்பதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். தனியாக நிற்கிற டாக்டரிடம் யார் கேட்பது?

மூன்றாவது வாதம்தான் கனமானது. போலி டாக்டர்களால் ஏற்படும் சேதத்தைக் கண்ணால் பார்க்கிற மருத்துவர்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் கவலை உண்மையானது. ஆனால் போலி டாக்டர் எங்கிருந்து வருகிறார்? டாக்டர் போன பிறகு நிற்க ஆள் இல்லாத அந்த வெற்றிடத்திலிருந்துதான். பை நிறைய ஆன்டிபயாட்டிக்கோடு நள்ளிரவிலும் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான். அந்த இடத்தில், என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்று எழுதிய வரையறையோடு, ஒரு டாக்டரின் பொறுப்பின்கீழ், பேர் பதிந்த ஒருவரை நிறுத்தினால் போலிக்கு வேலை குறையும்.

சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30-வது பிரிவு, பட்டயமோ சான்றிதழோ பெற்ற கால்நடை உதவியாளர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், தடுப்பூசி, காயம் கட்டுதல் போன்ற சிறு சிகிச்சைகளைச் செய்ய மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம் என்கிறது. வேறு எந்த முதலுதவி, எந்த நோய்க்கான சிகிச்சை என்பதையும் மாநில அரசே அறிவிக்கலாம். அந்த வழியில்தான் கேரளத்தில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர்களும் தமிழ்நாட்டில் கால்நடை ஆய்வாளர்களும் வேலை செய்கிறார்கள். ஆனால் அவர்களைச் சினை ஊசிக்கும் தடுப்பூசிக்கும் கணக்கெழுதுவதற்கும் ஓடவிட்டிருக்கிறோம். நோயுற்ற விலங்கின் அருகில் இருந்து பேணுவதைத் தனித் தொழிலாக யாருக்கும் கற்றுத் தரவில்லை. பிரிட்டனில் 1961-லேயே அரச கால்நடை மருத்துவர் கல்லூரி இதற்கான பயிற்சியைத் தொடங்கியது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு சட்டத்தைத் திருத்தி நர்ஸ்களின் வேலை எல்லையைத் தெளிவாக எழுதினார்கள். மருத்துவர்களின் மதிப்பு அதனால் அங்கே குறையவில்லை.

இதற்குப் பிரிட்டன் வரை போக வேண்டியதும் இல்லை. நெய்யூர் மிஷனின் மருத்துவப் பணியில் 1860-களில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்து மருத்துவ உதவியாளர்களாகப் பயிற்றுவித்தார். அப்படிப் பயின்றவர்கள் கிளை மருந்தகங்களில் நின்றதால்தான் தென் திருவிதாங்கூரின் ஏழைகளுக்கு மேலை மருத்துவம் எட்டியது. பின்னாளில் அங்கே பணியாற்றிய சோமர்வெல்லின் பெயரால் பாறசாலைக்குப் பக்கத்தில் காரக்கோணத்தில் இன்று மருத்துவக் கல்லூரி நிற்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்து மகள்கள் நர்சிங் படித்து வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் வார்டுகளைத் தாங்கி நிற்கிறார்கள். டாக்டர் இருக்கிறாரே, நர்ஸ் எதற்கு என்று அந்த வீடுகளில் யாராவது கேட்பார்களா? மகளின் தொழிலில் உயிர் இருக்கிறது என்று அறிந்த ஊர், தன் தொழுவத்தில் அதே அறிவை மறுக்கக் கூடாது.

எல்லை என்பதால் இங்கே ஆபத்து இரட்டிப்பு. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனால் உறவும் சந்தையும் மாடும் இன்றும் இரு பக்கமும் போய்வருகின்றன. காலையில் இந்தப் பக்கத்து மிருகாஸ்பத்திரியில் ஓர் ஊசி. சரியாகவில்லை என்று மாலையில் அந்தப் பக்கம் களியக்காவிளையிலிருந்து வந்தவர் இன்னொரு ஊசி. முதல் ஊசி என்ன என்று இரண்டாமவருக்குத் தெரியாது, சீட்டு மலையாளத்தில் இருக்கும் அல்லது சீட்டே இருக்காது. ஒரே வகை மருந்து இரு முறை ஏறுகிறது, அல்லது ஒன்றை ஒன்று கெடுக்கும் மருந்துகள் ஏறுகின்றன. ஆன்டிபயாட்டிக் போட்ட பசுவின் பாலை எத்தனை நாள் சங்கத்தில் ஊற்றக் கூடாது என்ற கணக்கும் அதோடு தொலைகிறது. நுண்ணுயிர் எதிர்ப்புக்கு எதிராகக் கேரளம் 2018-லேயே செயல்திட்டம் வெளியிட்டது. பாறசாலையில் லாரிப் பாலைச் சோதிக்கச் சாவடி இருக்கிறது. தொழுவத்தில் தேதியையும் மருந்தையும் எழுதிவைக்க ஒரு கை இல்லாவிட்டால், இந்த மேல்மட்ட ஏற்பாடுகள் எல்லாம் பிந்தித்தான் விழிக்கும்.

ஒரே ஊசியை வீடு வீடாகக் குத்திக்கொண்டு போவதும் இந்த வெற்றிடத்தின் பிள்ளைதான். அனாபிளாஸ்மா போன்ற ரத்த நோய் ஊசி வழியாகவும் அடுத்த மாட்டுக்குப் போகும். 2019-ல் இந்தியாவுக்குள் வந்த தோல் கட்டி நோயும் அசுத்த ஊசியால் பரவக்கூடும்.

மனிதரின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது. பசு எச்சில் ஒழுக நிற்கிறது, விழுங்க முடியவில்லை, அடித்தொண்டையில் கத்துகிறது. மரச்சீனிக் கிழங்கு அடைத்திருக்கும் என்று வீட்டுக்காரர் வாய்க்குள் கையை விடுகிறார். அது வெறிநோயாக இருக்கலாம். தங்கிய நஞ்சுக்கொடியை வெறும் கையால் இழுக்கிற பெண்ணுக்குப் புருசெல்லா தொற்றினால், மாதக்கணக்கில் வந்து வந்து போகும் காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் காரணம் தெரியாமல் அலைவாள். முதலில் கையுறை, பிறகுதான் கை என்று சொல்லிக்கொடுக்க அந்தத் தொழுவத்துக்கு இதுவரை யாரும் போகவில்லை.

செலவுக்கு எங்கே போவது என்பார்கள். நல்ல கறவைப் பசு ஒன்று செத்தால் ஒரு குடும்பம் பல பத்தாயிரம் ரூபாயை இழக்கிறது, வங்கிக் கடன் மட்டும் மிஞ்சுகிறது. அந்த இழப்பை எந்த அரசும் தன் கணக்கில் எழுதுவதில்லை, அதனால்தான் நர்ஸின் சம்பளம் மட்டும் செலவாகத் தெரிகிறது. உண்மையில் இந்தப் பணி ஏற்கெனவே நடக்கிறது. இரவு கண்விழித்துப் பசுவைப் புரட்டுவது, கன்றுக்குச் சீம்பால் புகட்டுவது, புண்ணைக் கழுவுவது எல்லாம் பெண்கள்தான். பயிற்சி இல்லாமல், கூலி இல்லாமல், பெயர் இல்லாமல் செய்கிறார்கள். சுயஉதவிக் குழுப் பெண்களைக் கால்நடை நலப் பணிக்குப் பயிற்றும் ஏ-ஹெல்ப் திட்டத்தை ஒன்றிய அரசு 2022-ல் தொடங்கியது. பெண்களால் முடியும் என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தப் பயிற்சியைப் பிரசாரத்தோடும் கணக்கெடுப்போடும் நிறுத்தாமல் நோயுற்ற விலங்கின் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆகவே கேட்பது இவை. ஒவ்வொரு பால் சங்கத்துக்கும் சம்பளத்தோடு பயிற்சி பெற்ற ஒரு கால்நடை நர்ஸ். அறுவை நடக்கும் ஒவ்வொரு கால்நடை மருத்துவமனையிலும், விலங்கு தானாக எழுந்து நிற்கும்வரை அதன் அருகில் இருக்க ஓர் ஆள். காதுப் பட்டையின் 12 இலக்க எண்ணோடு, தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்ட ஒரு சிகிச்சை அட்டை ஒவ்வொரு தொழுவத்திலும். தவறு நேர்ந்தால் தண்டனைக்குப் பயந்து மறைக்காமல் எழுதிவைத்து, மற்றவர்கள் கற்றுக்கொள்ள வழி. இதைப் பாறசாலையும் விளவங்கோடும் சேர்ந்தே தொடங்கலாம், இரு மாநில டாக்டர்களும் ஒரே வகுப்பில் பாடம் எடுக்கலாம். இதற்காக நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரத்தை மாநில அரசின் கையில் கொடுத்து நாற்பது ஆண்டு தாண்டிவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து ஓர் ஆணை, சென்னையிலிருந்து ஓர் ஆணை. அவை வரும்வரை, டாக்டர் வந்தும் மருந்து ஏறியும் செத்துப்போகிற ஒவ்வொரு பசுவுக்கும் இரண்டு அரசுகளும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை.